பிரிட்டனில் முதல் குளிர்காலம்: ஜன்னலை அடைத்தால் காசு மிச்சமாகுமா?

அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பி வைப்பார்கள். அன்று மாலையே வித்தியாசம் தெரிந்துவிடும். லண்டனில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டு. டிசம்பரில் நான்கு மணிக்குள் சூரியன் போய்விடும். செப்டம்பரில் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் மாஸ்டர்ஸ் படிக்கப் போன பிள்ளைகளுக்கு ‘குளிர்னா என்ன’ என்பது இந்த வாரத்தில்தான் புரிய ஆரம்பிக்கும்.

“ஸ்வெட்டர் போட்டுக்கிறியாப்பா?” என்று ஊரிலிருந்து அம்மா வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டிருப்பார். ஈஸ்ட் ஹாமிலோ கவென்ட்ரியிலோ நான்கைந்து பேர் சேர்ந்து எடுத்த பழைய வாடகை வீட்டில் அந்த நேரம் வேறொரு வேலை நடக்கும். ஜன்னல் சட்டத்தின் மேல்பகுதியில் நீளமாக ஒரு காற்றுத் திறப்பு இருக்கும். அதன்மேல் பேக்கிங் டேப் ஓட்டுவார்கள். பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனை அணைத்துவிடுவார்கள். துவைத்த துணியை ஹாலில் கொடி கட்டிக் காயப்போடுவார்கள். காரணம் கேட்டால், “ஹீட்டர் காசு கொஞ்சமாவது மிச்சமாகும்ல?”

மிச்சமாகாது. பெரும்பாலும் செலவு கூடத்தான் செய்யும். குறைந்த பட்ஜெட்டில் பிரிட்டன் குளிர்காலத்துக்குத் தயாராகும் நம்மவர்கள் செய்கிற முதல் தவறு, ஜாக்கெட் வாங்காமல் இருப்பதல்ல. வீட்டை மூடி முத்திரை வைப்பதுதான்.

எதிரி குளிர் மட்டுமல்ல, ஓதம்

பிரிட்டனின் பெரும்பகுதியில் குளிர்காலம் என்றால் சினிமாவில் பார்க்கிற பனிப்பொழிவு கிடையாது. தூறல், காற்று, மேகமூட்டம். இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் ஊசலாடும் வெப்பநிலை. பழைய செங்கல் வீடுகளின் வெளிச்சுவர் இந்த மாதங்களில் சில்லென்று இருக்கும்.

வீட்டுக்குள் ஐந்து பேர் மூச்சுவிடுகிறார்கள், குளிக்கிறார்கள், சோறு வடிக்கிறார்கள், ரசம் கொதிக்கவிடுகிறார்கள். ஒரு வாஷிங் மெஷின் லோடு துணியைக் காயப்போட்டால் மட்டும் சுமார் இரண்டு லிட்டர் தண்ணீர் அறைக் காற்றில் கலக்கிறது. வெதுவெதுப்பான காற்று இந்த ஈரத்தைத் தாங்கும். ஆனால் அதே காற்று குளிர்ந்த சுவரையோ கண்ணாடியையோ தொட்டதும் தாங்க முடியாமல் தண்ணீராக விட்டுவிடும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வியர்ப்பது மாதிரிதான். 20 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில், 12 டிகிரிக்குக் கீழே இருக்கிற எந்த இடமும் வியர்க்கும். பீரோவுக்குப் பின்னால் உள்ள வெளிச்சுவர், கட்டிலை ஒட்டிய மூலை, ஜன்னல் விளிம்பு எல்லாம் அந்தக் கணக்கில் வந்துவிடும். அங்கேதான் சில வாரங்களில் கருப்பாகப் பூஞ்சை பிடிக்கும்.

இதில் காசு எங்கே போகிறது? ஈரம் ஏறிய சுவர் வெப்பத்தை இன்னும் வேகமாக வெளியே விடும். ஓதம் ஏறிய அறை 18 டிகிரியிலும் சில்லென்றே இருப்பதுபோல் உடம்புக்குத் தோன்றும். உடனே தெர்மோஸ்டாட்டை இரண்டு டிகிரி ஏற்றுவார்கள். மெத்தை நாற்றமடிக்கும், கோட்டில் பூஞ்சை வரும், யாருக்காவது இருமல் நிற்காது. வீட்டைக் காலி செய்யும்போது சுவரைக் காட்டி டெபாசிட்டில் பிடித்துக்கொள்வார்கள். டேப்பைப் பிய்க்கும்போது கூடவே வரும் பெயின்ட்டுக்கும் சேர்த்துத்தான்.

சென்னைப் புத்தி அங்கே செல்லாது

நம் ஊரில் மழை பெய்தால் ஜன்னலைச் சாத்துவோம். வெளியே ஈரம், உள்ளே உலர்வு என்பது ரத்தத்தில் ஊறிய கணக்கு. பிரிட்டன் குளிர்காலத்தில் இது தலைகீழ். வெளியே ஐந்து டிகிரியில் மழையே பெய்துகொண்டிருந்தாலும், அந்தக் காற்றில் உள்ள தண்ணீரின் அளவு மிகக் குறைவு. குளிர்ந்த காற்றால் அவ்வளவுதான் சுமக்க முடியும். அதே காற்று வீட்டுக்குள் வந்து 20 டிகிரிக்குச் சூடானால், அதன் ஈரப்பதம் 40 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். அதாவது வெளியே இருப்பது ஓசியில் கிடைக்கும் உலர்ந்த காற்று.

அதனால் காலையில் எழுந்ததும் பத்து நிமிடம், சமைத்து முடித்ததும் பத்து நிமிடம் எதிரெதிர் ஜன்னல்களை நன்றாகத் திறந்துவிட்டு மூட வேண்டும். “சூடெல்லாம் வெளிய போயிடுமே” என்று பயப்பட வேண்டியதில்லை. பத்து நிமிடத்தில் மாறுவது காற்று மட்டும்தான். சுவரும் தரையும் மேசை நாற்காலியும் பிடித்து வைத்த சூடு அப்படியேதான் இருக்கும். நாள் முழுக்க ஜன்னலை ஒரு இஞ்ச் திறந்து வைப்பதுதான் வீண் செலவு.

குளிக்கும்போது பாத்ரூம் கதவை மூடி, ஃபேனைப் போட்டு, குளித்த பிறகும் கால் மணி நேரம் ஓடவிட வேண்டும். அந்த ஃபேன் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. சமையலில் பாத்திரத்தை மூடி வைத்தாலே பாதி ஆவி குறையும். இந்த விஷயத்தில் பிரஷர் குக்கருக்கு ஒரு சபாஷ் போடலாம். திறந்த பாத்திரத்தில் அரிசி கொதிப்பதை விட, நாலு விசிலில் வெளியேறுகிற ஆவி குறைவு. காஸும் மிச்சம். ஃபயர் அலாரம் அலறாமல் தாளிப்பது எப்படி என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

எந்த யூனிட் எரிகிறது?

பிரிட்டனில் வீட்டுக்கு வரும் எரிசக்தி இரண்டு: மின்சாரம், குழாய் காஸ். விலைக்கு ஆஃப்ஜெம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு மூன்று மாதத்துக்கு ஒருமுறை உச்சவரம்பு வைக்கிறது. இந்த உச்சவரம்பு மொத்த பில்லுக்கு அல்ல, ஒரு யூனிட்டின் விலைக்கும் தினசரி நிலைக்கட்டணத்துக்கும்தான். செய்தியில் சொல்லும் ஆண்டுத் தொகை ஒரு சராசரி வீட்டுக்கான கணக்கு. ‘அதுக்கு மேல பில் வராது’ என்று நினைத்துக்கொண்டு ஹீட்டரை ஓடவிட்டவர்கள் உண்டு.

2024, 2025-ஆம் ஆண்டுகளில் மின்சாரம் யூனிட்டுக்குச் சுமார் 25 பென்ஸ், காஸ் 6 முதல் 7 பென்ஸ். ஒரே அளவு சூட்டுக்கு மின்சாரம் கிட்டத்தட்ட நான்கு மடங்கு விலை. 20 பவுண்டுக்குக் கிடைக்கிற சின்ன ஃபேன் ஹீட்டர் 2,000 வாட் இழுக்கும். ஒருநாளைக்கு ஆறு மணி நேரம் ஓடினால் 12 யூனிட், மூன்று பவுண்டு. மாதம் 90 பவுண்டு, ஒரே ஒரு அறைக்கு. மாணவர் விசாவில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம் என்கிற நிலையில் அது சின்னத் தொகை அல்ல.

ஆகவே காஸ் பாய்லரும் ரேடியேட்டரும் உள்ள வீட்டில் அதைப் பயன்படுத்துவதுதான் சிக்கனம். அதை அணைத்துவிட்டு ஆளுக்கொரு எலெக்ட்ரிக் ஹீட்டர் வாங்குவது காசைக் கரியாக்கும் வேலை. தெர்மோஸ்டாட்டை 30-இல் வைத்தால் அறை வேகமாகச் சூடாகும் என்பதும் உண்மையல்ல. அதே வேகத்தில்தான் சூடாகும், நிறுத்த மறந்தால் நிற்காமல் போய்க்கொண்டிருக்கும். உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கும் குறைந்தபட்ச அறை வெப்பம் 18 டிகிரி. அங்கே வைத்துவிட்டு, மீதியை உடையிலும் போர்வையிலும் சமாளிப்பது நல்ல கணக்கு.

ரேடியேட்டரின் பக்கத்தில் 1 முதல் 5 வரை எண் போட்ட ஒரு குமிழ் இருக்கும். எல்லோரும் உட்காரும் ஹாலில் 3, படுக்கையறைகளில் 2 என்று வைத்தால் போதும். ஆள் இல்லாத அறையைப் பூஜ்யத்தில் வைத்துக் கதவைத் திறந்து வைப்பதைத்தான் தவிர்க்க வேண்டும். ஹாலில் சமைத்த ஆவியெல்லாம் அந்தக் குளிர்ந்த அறையைத் தேடிப் போய்ப் படியும். தேவைக்கேற்ப உடனுக்குடன் வெந்நீர் தரும் காம்பி பாய்லர் என்றால், ரேடியேட்டருக்குப் போகிற தண்ணீரின் வெப்பத்தை 60 டிகிரி அளவுக்குக் குறைத்து வைத்தால் காஸ் குறையும். வெந்நீரைத் தொட்டியில் சேமித்து வைக்கும் வகைப் பாய்லரில் இதைத் தொடவே கூடாது. தொட்டி நீர் 60 டிகிரிக்குக் கீழே போனால் லெஜியோனெல்லா பாக்டீரியா வளரும் ஆபத்து உண்டு.

படுக்கையில் கதையே வேறு. எலெக்ட்ரிக் போர்வை இழுப்பது சுமார் 100 வாட். தூங்கப் போகும் முன் அரை மணி நேரம் போட்டு அணைத்தால் ஒன்றிரண்டு பென்ஸ். அறையைச் சூடாக்காமல் ஆளைச் சூடாக்குவது எப்போதும் மலிவு. பழைய ஹாட் வாட்டர் பேக் அதைவிடவும் மலிவு.

தலைக்கு 20 பவுண்டு

ஐந்து பேர் தலைக்கு 20 பவுண்டு போட்டால் நூறு பவுண்டு. அதில் முதலில் வாங்க வேண்டியது, யாரும் எதிர்பார்க்காத ஒன்று: பத்து பவுண்டுக்குள் கிடைக்கும் ஈரப்பதமானி. 40-க்கும் 60-க்கும் நடுவில் எண் நின்றால் வீடு நலமாக இருக்கிறது என்று அர்த்தம். 70 என்று காட்டினால் ஜன்னலைத் திற. இந்த ஒரு சின்னப் பெட்டி வந்துவிட்டால் வீட்டில் பாதிச் சண்டை தீரும். ‘உனக்குக் குளிருது, எனக்குக் குளிரல’ என்ற வாதத்துக்கு ஒரு எண் கிடைத்துவிடும்.

அடுத்து ஊதல் காற்று. ஜன்னலும் கதவும் சட்டத்தோடு சேரும் இடுக்கில் ஒட்டும் நுரைப் பட்டை சில பவுண்டுதான். கதவுக்கு அடியில் சுருட்டிய பழைய டவல் போதும். ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் என்றால், ஹேர் டிரையரால் சூடு காட்டி இழுத்து ஒட்டுகிற பிளாஸ்டிக் ஃபிலிம் கிடைக்கும். ஒவ்வொரு அறையிலும் ஒரு ஜன்னலையாவது திறக்கும்படி விட்டுவிட்டு மற்றவற்றில் ஒட்டலாம். தடிமனான திரைச்சீலையை சாரிட்டி கடைகளில் தேட வேண்டும். இடுக்கை அடைப்பதும் காற்றுத் திறப்பை அடைப்பதும் ஒன்றல்ல. இடுக்கு, கட்டடத்தின் குறை. திறப்பு, வீடு மூச்சுவிட வேண்டுமென்றே வைத்தது.

ரேடியேட்டரின் மேல்பகுதி சில்லென்றும் கீழ்ப்பகுதி சூடாகவும் இருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. ஒன்றிரண்டு பவுண்டுக்கு ஒரு சாவி கிடைக்கும், திருகிக் காற்றை வெளியேற்றலாம். துணி காயப்போட வேறு வழியே இல்லாத வீட்டில், மிச்சப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து டீஹியூமிடிஃபையர் வாங்குவதில் தப்பில்லை. ஒரு சின்ன அறையில் துணியையும் அதையும் வைத்துக் கதவை மூடிவிட்டால் காலையில் தொட்டியில் தண்ணீர் நிற்கும். சுமார் 200 வாட் இழுக்கிற இயந்திரம் ஐந்து மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஆனால் 30, 40 பவுண்டுக்கு விற்கிற பொம்மை சைஸ் மாடல்கள் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட எடுக்கத் திணறும்.

உடை விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சென்னையில் பத்தாயிரம் கொடுத்து வாங்கிய லெதர் ஜாக்கெட் அங்கே மழைக்கும் தாங்காது, காற்றுக்கும் தாங்காது. உள்ளே தெர்மல், நடுவில் கம்பளி, வெளியே நீர் புகாத மேலங்கி. தெர்மலை இங்கிருந்தே கொண்டுபோகலாம். அங்கே கடையில் வாங்கும் பனியனின் லேபிளில் திருப்பூரின் கைவண்ணம் இருந்தாலும் ஆச்சரியமில்லை. மேலங்கியை அங்கே போய் வாங்குவது மேல். 23 கிலோ பெட்டியில் அது பிடிக்கும் இடத்தில் எத்தனை பருப்புப் பொடி போகும்!

வீட்டுக்காரர் பங்கு எங்கே?

இவ்வளவையும் செய்த பிறகும் சுவர் நனைந்தால்? அங்கேதான் ‘சிக்கன டிப்ஸ்’ கட்டுரைகள் பெரும்பாலும் வாயை மூடிக்கொள்கின்றன. கூரை ஒழுகுவதையும், வெளிக்குழாய் உடைந்திருப்பதையும், வேலை செய்யாத எக்ஸாஸ்ட் ஃபேனையும் வாடகைக்கு இருப்பவர் டேப் ஒட்டிச் சரிசெய்ய முடியாது.

மான்செஸ்டருக்கு அருகே ராச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. சூடானிலிருந்து வந்த குடும்பம், சமூக வீட்டுவசதி அமைப்பின் ஒரு படுக்கையறை வீடு, சுவரெல்லாம் பூஞ்சை. அந்தக் குழந்தை பிறப்பதற்கு முன்பே, 2017-இல், தந்தை புகார் செய்திருந்தார். மேலே பெயின்ட் அடித்துக்கொள்ளச் சொன்னார்கள். வீட்டுப் பூஞ்சையை நீண்டகாலம் சுவாசித்ததே மரணத்துக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். குடும்பத்தின் வாழ்க்கைமுறைதான் காரணம் என்று முன்முடிவுக்கு வந்தது தவறு என்று வீட்டை நிர்வகித்த அமைப்பு பிறகு ஒப்புக்கொண்டது.

புலம்பெயர்ந்தவர்கள் பலரும் கேட்கிற வாக்கியம் இது: ‘நீங்கள் சமைக்கிற விதம்தான் காரணம்’. இதற்காகவே அந்த ஈரப்பதமானியை நம்ப வேண்டும். 50, 55 என்று எண் காட்டுகிறது, ஜன்னல் தினமும் திறக்கிறது, அப்படியும் ஒரே மூலை நனைகிறது என்றால் கோளாறு சமையலில் இல்லை, கட்டடத்தில் இருக்கிறது. எண்ணையும் சுவரையும் சேர்த்துத் தேதியோடு போட்டோ எடுத்து, போனில் சொல்லாமல் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும்.

அந்தக் குழந்தையின் பெயரில் வந்த அவாப் சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூக வீடுகளில் நடைமுறைக்கு வந்தது. ஓதம், பூஞ்சைப் புகார்களை குறிப்பிட்ட நாட்களுக்குள் விசாரித்துச் சரிசெய்தாக வேண்டும். தனியார் வாடகை வீடுகளுக்கும் இதை நீட்டிக்க 2025-இல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அதுவரை ஒன்றுமே இல்லை என்று அர்த்தமல்ல. மனிதர் வசிக்கத் தகுதியில்லாத வீட்டுக்காக உரிமையாளரை நீதிமன்றத்துக்கு இழுக்க 2018-ஆம் ஆண்டுச் சட்டமே இடம் தருகிறது. உள்ளூர் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவை அழைத்து வீட்டைப் பார்க்கச் சொல்லலாம். வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த ஐந்து பேரோ அதற்கு மேலோ சமையலறையைப் பகிர்ந்து தங்கும் வீட்டுக்கு இங்கிலாந்தில் உரிமம் கட்டாயம். உரிமம் இல்லையென்றால், கட்டிய வாடகையைத் தீர்ப்பாயம் மூலம் திரும்பக் கேட்கவும் வழி உண்டு.

சொல்லச் சங்கடமான விஷயம் ஒன்று. பல வீடுகளில் வாடகை வாங்குபவர் வெள்ளைக்காரர் அல்ல, ‘நம்ம ஊரு அண்ணா’. ஒப்பந்தம் இல்லை, ரொக்கம், ‘பில் எல்லாம் சேர்த்துத்தான் தம்பி’ என்ற வாய்ச்சொல். குளிர் ஏறியதும் ‘ஹீட்டிங் ரெண்டு மணி நேரம்தான்’ என்று கட்டுப்பாடு வரும். அண்ணாவும் அதே வீட்டில் தங்கியிருந்தால் சட்டப் பாதுகாப்பு இன்னும் குறைவு. அண்ணாக்கள் உதவியே செய்வதில்லை என்று சொல்ல முடியாது. விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப் போனவர்களும் அவர்கள்தான். ஆனாலும் எழுத்தில் ஒப்பந்தம் கேட்பது மரியாதைக் குறைவல்ல. அக்டோபரில் அதைக் கேட்காதவர் ஜனவரியில் பாய்லர் நின்ற பிறகு கேட்டுப் பயனில்லை.

இதில் மட்டும் சிக்கனம் கூடாது

காஸ் பாய்லர் சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, வாசனையில்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கித் தூக்கத்திலேயே உயிர் போகும். சுவரில் துளைகளோடு இருக்கும் செங்கல் திறப்பை ‘குளிர் வருது’ என்று துணி அடைத்து மூடுவது இதனால்தான் ஆபத்து. அடுப்பைப் பற்றவைத்து அறையைச் சூடாக்குவதும், கரி அடுப்பை உள்ளே கொண்டுவருவதும் அதே ரகம். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் மூடிய அறையில் கரி மூட்டிப் படுத்தவர்கள் இறந்த செய்தியை நாம் படித்ததில்லையா?

2022 அக்டோபர் முதல் இங்கிலாந்தில் காஸ் பாய்லர் உள்ள அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைக்க வேண்டியது வீட்டு உரிமையாளரின் கடமை. ஆண்டுக்கு ஒருமுறை பதிவு பெற்ற பொறியாளரை வைத்து காஸ் சோதனை செய்து, சான்றிதழ் நகலை வாடகைதாரருக்குத் தர வேண்டும். கேட்டு வாங்க வேண்டும். காஸ் வாசனை வந்தாலோ அலாரம் அடித்தாலோ வெளியே வந்துவிட்டு 0800 111 999 என்ற இலவச எண்ணை அழைக்க வேண்டும்.

யாரிடம் கேட்கலாம்?

மாணவர் விசாவிலும் பணி விசாவிலும் இருப்பவர்களுக்கு அரசு உதவித்தொகை கிடையாது. வருமான அடிப்படையிலான உதவி பெறுவோருக்கு மின்கட்டணத்தில் கழிக்கப்படும் 150 பவுண்டு சலுகையும் அதனால் எட்டாது. அதற்காக எல்லாக் கதவும் மூடிவிடவில்லை. பல பல்கலைக்கழகங்களில் கஷ்ட நிதி இருக்கிறது. வெளிநாட்டு மாணவர் கேட்கலாமா என்று கேட்டுப் பார்ப்பதற்குக் காசில்லை. ப்ரீபெய்ட் மீட்டரில் பணம் தீர்ந்துவிட்டால் நிறுவனம் அவசரக் கடன் தரும். ஒரு யூனிட்கூட எரிக்காவிட்டாலும் தினசரி நிலைக்கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும் என்பதால், கோடையிலும் மீட்டரில் கொஞ்சம் போட்டு வைக்க வேண்டும். நூலகங்கள் சூடாக இருக்கும், உட்கார யாரும் காசு கேட்பதில்லை.

உடம்பு விஷயத்தில் இரண்டு. கருப்பு, மாநிறத் தோல் உள்ளவர்கள் ஆண்டு முழுவதும் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுப்பதை யோசிக்குமாறு பிரிட்டன் அரசே சொல்கிறது. மாதக்கணக்கில் வரும் டப்பா சில பவுண்டுதான். இன்னொன்று, மருத்துவரிடம் பதிவு செய்வது. விசாவோடு சேர்த்து ஆண்டுக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டிவிட்டுப் போகிற மாணவர்களில் பலர், வீட்டுப் பக்கத்து கிளினிக்கில் பெயர் கொடுக்காமல் ஊரிலிருந்து கொண்டுபோன டோலோவிலேயே காலம் தள்ளுகிறார்கள். பூஞ்சை வீட்டில் மூன்று வாரமாக இருமுகிறவருக்கு அது போதாது. பதிவு இலவசம், முகவரிச் சான்று இல்லாவிட்டாலும் மறுக்கக் கூடாது.

கடைசியாக, குளிரில் இட்லி மாவு புளிக்காது என்ற பெருங்கவலை. அதற்கென்று ஹீட்டரைக் கூட்ட வேண்டாம். ஓவனைப் பற்றவைக்காமல் உள்விளக்கை மட்டும் போட்டு, மாவுப் பாத்திரத்தை ராத்திரி உள்ளே வைத்தால் காலையில் பொங்கியிருக்கும். பாத்திரத்தைப் பாதி மட்டும் நிரப்ப வேண்டும். இல்லையென்றால் ஓவனைக் கழுவ ஒரு ஆள் தேவைப்படும்.